அது யெப்பெஸ் போட்ட கோல்தான்

2014 ஜூலை 5, சனிக்கிழமை அதிகாலை. மூன்று மணியாக இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டிவியின் சத்தத்தை முழுவதுமாக அடைத்துவிட்டு, கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து உலகக் கோப்பைக் காலிறுதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆட்டம் பிரேசிலின் ஃபோர்த்தலேசா நகரத்தில். ஏழாவது நிமிடத்திலேயே தியாகோ சில்வா போட்ட கோலால் பிரேசில் முன்னால் இருந்தது. 66-வது நிமிடத்தில் கொலம்பியாவுக்கு ஒரு வாய்ப்பு. பந்து கோல் முகத்தில் விழுந்தது, கால்கள் ஒன்றோடொன்று சிக்கின, அந்தக் கும்பலுக்குள்ளிருந்து ஒரு சிவப்புச் சட்டை காலை நீட்டியது. பந்து வலைக்குள்.

துள்ளி எழுந்ததில் முழங்கால் கட்டில் சட்டத்தில் இடித்தது. வாயைப் பொத்திக்கொண்டு வலியைப் பொறுத்தேன். திரும்பித் திரையைப் பார்த்தால் எண்ணிக்கை மாறவில்லை. லைன்ஸ்மேனின் கொடி மேலே இருந்தது. ஆஃப்சைடு. சத்தத்தை அடைத்து வைத்திருந்ததால் விசில் எனக்குக் கேட்கவில்லை. அதைக் கோல் என்று அதிக நேரம் நம்பியிருந்தவன் இந்த உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அது எவ்வளவு தவறு என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு நாடே அதை இன்னும் கோல் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

காலை நீட்டியவர் மாரியோ யெப்பெஸ். காலி நகரத்துக்காரர். கொலம்பியாவின் கேப்டன், தடுப்பாட்டக்காரர், அன்றைக்கு 38 வயது. 1999-லிருந்து தேசிய அணியில் இருந்தவருக்கு அதுதான் முதல் உலகக் கோப்பை. அந்த ஆட்டத்தோடு கொலம்பியச் சட்டையைக் கழற்றினார். மொத்தம் 102 ஆட்டங்கள்.

மீதிக் கதை எல்லோருக்கும் தெரியும். கொடி உயர்ந்த மூன்றாவது நிமிடத்தில் டேவிட் லூயிஸ் தொலைவிலிருந்து அடித்த ஃப்ரீ கிக் பிரேசிலுக்கு இரண்டாவது கோல். 80-வது நிமிடத்தில் ஹாமெஸ் ரோட்ரிகெஸ் பெனால்டியில் ஒன்றைத் திருப்பித் தந்தார். அப்போது அவர் கை மேல் பெரிய பச்சை வெட்டுக்கிளி ஒன்று வந்து உட்கார்ந்ததே, நினைவிருக்கிறதா? அந்தப் படம் உலகம் முழுவதும் சுற்றியது. கொலம்பியாவுக்கு வெளியே அந்த இரவைப் பற்றிக் கேட்டால், பிரேசிலின் நெய்மாரின் முதுகில் கொலம்பியாவின் சுன்யிகாவின் முழங்கால் இடித்ததைச் சொல்வார்கள், ஹாமெஸின் கண்ணீரைச் சொல்வார்கள், அதற்கப்புறம் வெட்டுக்கிளியைச் சொல்வார்கள். கேப்டனின் பெயர் வெட்டுக்கிளிக்கும் பின்னால்தான் வரும்.

கொலம்பியாவுக்குள் நிலைமை வேறு. 'எரா கோல் தே யெப்பெஸ்.' அது யெப்பெஸ் போட்ட கோல்தான். ஆட்டம் முடிந்த கையோடு புறப்பட்ட இந்த நான்கு சொற்கள் சட்டைகளில் அச்சாயின, சுவர்களில் ஏறின, ஒரு பழமொழி போலவே நிலைத்துவிட்டன. கால்பந்தோடு தொடர்பே இல்லாத இடங்களிலும் சொல்கிறார்கள். தேர்தல் முடிவு பிடிக்கவில்லையா, தேர்வில் மதிப்பெண் குறைந்ததா, காதல் கைகூடவில்லையா, பதில் ஒன்றுதான்: அது யெப்பெஸ் போட்ட கோல்தான். பாதி கேலி, பாதி ஆற்றாமை. எதில் கேலி முடிந்து எதில் ஆற்றாமை தொடங்குகிறது என்று வெளியாளால் கண்டுபிடிக்க முடியாது.

அதில் உள்ள 'எரா' என்ற சொல் எனக்குப் பிடிக்கும். ஸ்பானிஷில் இறந்த காலத்துக்கு இரண்டு வடிவங்கள் புழங்குகின்றன. நடந்து முடிந்து கதவு சாத்தப்பட்டதற்கு ஒன்று; நடந்துகொண்டே இருந்ததற்கு, முடிவு சொல்லப்படாததற்கு இன்னொன்று. 'எரா' இரண்டாவது வகை. கோல் விழுந்தது என்று அவர்கள் சொல்லவில்லை. கோலாக இருந்தது என்கிறார்கள். கொடி தூக்குவதற்கு முன்பும் கோல், தூக்கிய பிறகும் கோல். தமிழில் இதற்கு ஈடாக ஒரு வினைமுற்றைத் தேடிப் பார்த்தேன். கடைசியில் 'தான்' என்ற ஒற்றை ஒட்டிடம் சரணடைந்தேன்.

ஆக, ஒரு மனிதர் 102 ஆட்டங்கள் ஆடி நாட்டில் பேர் வாங்கியது கணக்கில் ஏறாத ஒரு கோலால். இதுவே விசித்திரம். இதைவிட விசித்திரம், அர்ஜென்டினாவில் இதே மனிதருக்கு வேறொரு புகழ் இருப்பது.

2000 மே 24. புவனோஸ் ஐரெஸில் லா பொம்பொனேரா மைதானம். தென் அமெரிக்கக் கிளப்புகளுக்கான லிபெர்த்தடோரெஸ் கோப்பைக் காலிறுதியின் இரண்டாவது ஆட்டம், போகா ஜூனியர்ஸுக்கும் ரிவர் பிளேட்டுக்கும். முதல் ஆட்டத்தில் ரிவர் 2-1 என்று வென்றிருந்தது. யெப்பெஸ் அப்போது ரிவரில். போகாவின் ஹுவான் ரோமான் ரிக்கெல்மே பக்கக் கோட்டுக்கு அருகில் பந்தை வைத்துக்கொண்டு நிற்கிறார், முதுகைக் காட்டியபடி. போவதற்கு இடமில்லை. பின்னால் யெப்பெஸ் நெருங்குகிறார். தடுப்பாட்டக்காரன் இந்த இடத்தில் என்ன செய்ய வேண்டுமோ அதைத்தான் செய்கிறார்: திரும்ப விடாமல் கோட்டோடு சேர்த்து அடைப்பது. ரிக்கெல்மே பந்தின் மேல் காலை வைத்துப் பின்பக்கமாக உருட்டுகிறார். பந்து யெப்பெஸின் இரண்டு கால்களுக்கு நடுவே போகிறது. ரிக்கெல்மே அவரைச் சுற்றிக்கொண்டு போய் மறுபக்கத்தில் எடுத்துக்கொள்கிறார்.

அவ்வளவுதான். கோல் இல்லை, கோலுக்கான பாஸ்கூட இல்லை. சில நொடிகள். அந்த ஆட்டத்தின் உண்மையான நாடகம் வேறு: போகா 3-0 என்று ஜெயித்தது, ஆறு மாதம் முழங்கால் காயத்தில் படுத்திருந்த மார்டின் பலெர்மோ மாற்று ஆட்டக்காரராக வந்து மூன்றாவது கோலைப் போட்டார். ஆனால் அர்ஜென்டினாவில் 'கான்யோ' என்ற சொல்லை எடுத்தாலே அந்தப் பந்துதான் முதலில் நினைவுக்கு வரும். கான்யோ என்றால் குழாய். எதிராளியின் கால்களைக் குழாயாக்கி அதற்குள் பந்தை விடுவது. அந்தக் கலையின் உச்சம் என்று காட்டும் படத்தில் குழாயாக நிற்பவர் மாரியோ யெப்பெஸ்.

கல்லூரியில் நான் ஸ்டாப்பர் பேக் ஆடியவன். பெரிய ஆட்டக்காரன் எல்லாம் இல்லை. உயரமாக இருந்ததால் பின்னால் நிறுத்தினார்கள். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்ல முடியும். கால் நடுவே பந்து போய்விட்டால், கோல் வாங்கியதைவிட அது உறுத்தும். கோலுக்குப் பதினொரு பேர் பொறுப்பு. இதற்கு நீ ஒருவன்தான். அதுவும் நீ சோம்பி நின்றால் நடக்காது. ஓடிப்போய் நெருக்கினால்தான் நடக்கும். அந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் யெப்பெஸ் செய்ததில் எனக்குத் தவறு தெரியவில்லை. கொஞ்சம் தள்ளி நின்றிருந்தால் இவர் பெயர் அங்கே யாருக்கும் தெரிந்திருக்காது.

அன்று அந்த மைதானத்தில் கொலம்பியர்கள் நிறையப் பேர். போகாவின் கோலில் ஆஸ்கார் கோர்டோபா, நடுத்தடுப்பில் கேப்டன் ஹோர்கே பெர்மூதெஸ், நடுக்களத்தில் மவுரீசியோ செர்னா. போகா அந்த ஆண்டு லிபெர்த்தடோரெஸ் கோப்பையை வென்றது. வருடக் கடைசியில் டோக்கியோவில் ரியல் மாட்ரிட்டையும் சாய்த்தது. போகா ரசிகர்களிடம் பெர்மூதெஸ் ஒரு குலதெய்வம். அதே ரசிகர்களுக்கு, அதே ஆண்டில், யெப்பெஸ் ஒரு கேலிச் சித்திரம். இத்தனைக்கும் ரிவரில் அவர் நன்றாகவே ஆடினார், பட்டங்களும் வென்றார்.

இப்போது அடுத்த ஆண்டுக்கு வருகிறேன். நான் சொல்ல வந்தது அங்கேதான் இருக்கிறது.

2001-இல் தென் அமெரிக்க நாடுகளின் கோப்பையான கோப்பா அமெரிக்கா கொலம்பியாவில் நடக்க வேண்டும். குண்டுவெடிப்புகள். கால்பந்துக் கூட்டமைப்பின் துணைத் தலைவர் எர்னான் மெஹியா கம்புசானோவைக் கிளர்ச்சியாளர்கள் கடத்தினார்கள், பிறகு விட்டார்கள். போட்டியை ரத்து செய்ததாக அறிவிப்பு வந்தது. சில நாட்களில் அந்த அறிவிப்பே ரத்தானது. அதற்குள் கனடா விலகிவிட, கோஸ்டாரிகா வந்தது. கடைசி நேரத்தில் அர்ஜென்டினா பின்வாங்கியது, ஹோண்டுராஸ் விமானம் ஏறியது. அவசரத்தில் வந்த அந்த ஹோண்டுராஸ் காலிறுதியில் பிரேசிலை 2-0 என்று வீட்டுக்கு அனுப்பியது. இப்படி ஒரு போட்டி.

இதில் கொலம்பியா என்ன செய்தது? வெனிசுலா 2-0, ஈக்வடார் 1-0, சிலி 2-0, பெரு 3-0, ஹோண்டுராஸ் 2-0. ஜூலை 29 அன்று பொகோட்டாவின் எல் கம்பின் மைதானத்தில் இறுதிப் போட்டி, மெக்சிகோ 1-0. ஆறு ஆட்டம், ஆறு வெற்றி, போட்டது 11, வாங்கியது பூஜ்யம். கொலம்பியா இன்றுவரை வென்ற ஒரே கோப்பா அமெரிக்கா அதுதான். 2024-இல் மறுபடி இறுதிவரை வந்து, கூடுதல் நேரத்தில் அர்ஜென்டினாவின் லவுதாரோ மார்டினெஸ் போட்ட ஒற்றைக் கோலில் தோற்றார்கள்.

பயிற்சியாளர் பிரான்சிஸ்கோ மத்துரானா. கோலில் அதே ஆஸ்கார் கோர்டோபா. பொம்பொனேராவில் எதிர்க் கோலில் நின்றவர் இப்போது யெப்பெஸுக்குப் பின்னால். ஆனால் நான் பார்க்கச் சொல்வது அந்த அணியின் தடுப்பு வரிசையை. இவான் லோப்பெஸ், இவான் கோர்டோபா, மாரியோ யெப்பெஸ், கெரார்டோ பெடோயா. பூஜ்யத்தைச் சேர்ந்து காத்தவர்கள். ஒருவருக்கும் அந்தப் பூஜ்யத்தால் புகழ் வரவில்லை.

இவான் கோர்டோபாவுக்குக் கோலால் வந்தது. இறுதிப் போட்டியின் 65-வது நிமிடத்தில் லோப்பெஸ் அடித்த ஃப்ரீ கிக்கைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். உயரம் 173 சென்டிமீட்டர், சராசரி ஆள்தான். ஆனால் குதித்தால் தன்னைவிட ஒரு சாண் உயரமானவனின் தலைக்கு மேல் நிற்பார். அந்த ஒரு கோல் போதும், கொலம்பியாவில் அவர் பெயர் அழியாது. அவருடைய பெரிய வாழ்க்கை இத்தாலியில்: 2000 முதல் 2012 வரை இன்டர் மிலானில், 455 ஆட்டங்கள், ஐந்து லீக் பட்டங்கள். 2010-இல் இன்டர் சாம்பியன்ஸ் லீக் வென்றபோது அந்தக் கோப்பையைத் தொட்ட முதல் கொலம்பியர் ஆனார். மாட்ரிட்டில் நடந்த அந்த இறுதிப் போட்டியில் அவர் ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. கடைசி நொடிகளில் ஒரு தடுப்பாட்டக்காரரை இறக்கினார்கள். அது மார்க்கோ மத்தெராத்ஸி.

(சென்னைக்காரர்கள் அந்தப் பெயரைக் கண்டு நிமிர்ந்திருப்பீர்கள். ஆம், பிறகு சென்னையின் எஃப்சி-க்குப் பயிற்சியாளராக வந்து 2015-இல் கோப்பை வாங்கித் தந்த அதே மத்தெராத்ஸி. அந்த இறுதிப் போட்டியில் கோவாவுக்கு எதிராகக் கடைசி நேரத்தில் வெற்றிக் கோலைப் போட்டவர் ஸ்டீவன் மெண்டோசா, கொலம்பியர். நேரு ஸ்டேடியத்துக்கு வந்துபோன யாரையாவது நிறுத்தி, தெரிந்த கொலம்பிய ஆட்டக்காரர் ஒருவர் பெயரைக் கேளுங்கள். யெப்பெஸ் வரமாட்டார், கோர்டோபா வரமாட்டார். புகழுக்கும் ஊர் உண்டு.)

கெரார்டோ பெடோயாவுக்குப் புகழ் வந்த வழி வேறு. கால்பந்து வரலாற்றிலேயே அதிகச் சிவப்பு அட்டை வாங்கியவர். 46. ஓய்வு பெற்று ஒரு கிளப்புக்கு உதவிப் பயிற்சியாளராகப் போனவரை முதல் ஆட்டத்திலேயே, 21-வது நிமிடத்தில், வெளியே அனுப்பினார்கள். ஆட்டக்காரர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் அது தொற்றிக்கொள்ளும் போலிருக்கிறது. உலகத்துக்கு அவர் அந்த 46. ஆனால் ராசிங் கிளப்பின் ஊரான அர்ஜென்டினாவின் அவெஜனேடாவுக்குப் போனால் கதை மாறும். 2001 கடைசியில் ராசிங் கிளப் 35 ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டம் வென்றதே, அந்தப் பருவத்தில் ரிவர் பிளேட்டுக்கு எதிராக, தோற்றுக்கொண்டிருந்த ஆட்டத்தை முடியும் தறுவாயில் சமன் செய்தது பெடோயாவின் கோல். அங்கே சிவப்பு அட்டைக் கணக்கைச் சொன்னால் உங்களுக்குத்தான் ஆபத்து.

இவான் லோப்பெஸைப் பற்றி எழுத எனக்கு ஒரு வரிதான் இருக்கிறது. ஃப்ரீ கிக் அடித்தவர்.

கோப்பையைத் தூக்கி நான்கு மாதம்கூட ஆகவில்லை. 2001 நவம்பர் 14, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் கடைசி நாள். கொலம்பியா பராகுவே மண்ணில் போய் 4-0 என்று வென்றது. போதவில்லை. உருகுவேக்கும் 27 புள்ளி, கொலம்பியாவுக்கும் 27 புள்ளி. கோல் வித்தியாசம் உருகுவேக்கு 6, கொலம்பியாவுக்கு 5. இன்னும் ஒரே ஒரு கோல் போட்டிருந்தால், அல்லது 18 ஆட்டங்களில் எங்கோ ஒன்றைத் தடுத்திருந்தால், 2002 உலகக் கோப்பைக்கான கடைசி பிளே-ஆஃப் வாசலாவது திறந்திருக்கும். ஜூலையில் ஆறு ஆட்டத்தில் ஒன்றுகூட வாங்காத அணி, நவம்பரில் ஒரு கோல் குறைந்ததால் வீட்டில் உட்கார்ந்தது. யெப்பெஸுக்கு அப்போது வயது 25. உலகக் கோப்பைக்காக அவர் இன்னும் 13 ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த 13 ஆண்டுகளை ஐரோப்பிய அணிகளின் பெயரால் வேகமாகச் சொல்லிவிடலாம்: நாந்த், பாரிஸ், வெரோனாவின் கியேவோ, பிறகு ஏசி மிலான். 2010-11 பருவத்தில் மிலான் லீக் பட்டம் வென்று இன்டரின் ஐந்து ஆண்டு ஆட்சியை முடித்துவைத்தது. ஒரே ஆண்டில் பிறந்த இரண்டு கொலம்பியத் தடுப்பாட்டக்காரர்கள், ஒரே நகரத்தில், ஒரே மைதானத்தைச் சொந்த மைதானமாகக் கொண்ட இரண்டு எதிரணிகளில் இருந்தார்கள். மிலான் நகரத்தில் கேட்டால் கோர்டோபாவைத்தான் சொல்வார்கள். அதுவும் நியாயம்தான், 455 ஆட்டம் சும்மா இல்லை. ஆட்டத்தை மட்டும் வைத்துத் தராசில் போட்டால் நானும் கோர்டோபாவைத்தான் மேலே வைப்பேன். வேகம் இருந்தது, குதி இருந்தது, தவறினால் ஓடிப்போய் மீட்கும் கால்கள் இருந்தன. யெப்பெஸ் இடம் பார்த்து நிற்பவர். ஆனால் கோர்டோபா போட்ட கோல் வரலாற்றுப் புத்தகத்துக்குப் போய்விட்டது. யெப்பெஸ் போடாத கோல் பேச்சில் தங்கிவிட்டது. தினமும் புழங்குவது எது என்று பார்த்தால் இரண்டாவதுதான்.

கொலம்பியத் தடுப்பாட்டக்காரர், ஒரு கோல் என்று எழுதிக்கொண்டு போகும்போது நான் சுற்றி வளைத்துத் தவிர்த்த பெயர் ஒன்று உண்டு. ஆந்த்ரெஸ் எஸ்கோபார். 1994 ஜூன் 22 அன்று அமெரிக்காவுக்கு எதிரான உலகக் கோப்பை ஆட்டத்தில், குறுக்கே வந்த பந்தைத் தடுக்கக் காலை நீட்டினார். அது சொந்த வலைக்குள் போனது. கொலம்பியா 2-1 என்று தோற்றது. பத்து நாள் கழித்து மெடெஜினில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 27. நம் பத்திரிகைகளின் அரசியல் பக்கத்தில் 'சேம் சைடு கோல்' என்று சிரித்துக்கொண்டே எழுதுகிறோம். எஸ்கோபாரைப் பற்றிப் படித்த பிறகு அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வருவதில்லை.

அவர் கொலம்பியாவுக்காக எதிரணி வலையில் போட்டது ஒரே ஒரு கோல். 1988-இல் வெம்பிளி மைதானத்தில், இங்கிலாந்துக்கு எதிராக, தலையால். ஆட்டம் 1-1. அது நடந்த தேதி மே 24. பன்னிரண்டு ஆண்டு கழித்து அதே தேதியில்தான் யெப்பெஸின் கால் நடுவே பந்து போனது. இதில் பொருள் எதுவும் இல்லை என்று தெரியும். ஆனாலும் குறித்து வைத்திருக்கிறேன்.

'எரா கோல் தே யெப்பெஸ்' என்று சிரிக்க முடிகிற நாடு, அதற்கு இருபது ஆண்டு முன்பு ஒரு கோலுக்காக என்ன பார்த்தது என்பதை நினைத்தால், அந்தக் கேலி எனக்கு உறுத்துவதில்லை. அது நல்ல கேலி. கேப்டன் தோற்று வந்தார், ஊர் அவருக்கு ஒரு கோலைப் பரிசாகப் போட்டது.

போன மாதம் அக்கா மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். ஒன்பதாம் வகுப்பு. பள்ளி அணியில் ஸ்டாப்பர். குடும்பத்தில் இரண்டாவது ஸ்டாப்பர் என்பதால் எனக்குக் கொஞ்சம் பெருமை. தடுப்பாட்டம் என்றால் என்ன என்று காட்டலாம் என்று யூடியூபைத் திறந்து யெப்பெஸ் பெயரை அடித்தேன். நான் எதிர்பார்த்தது நின்று, பார்த்து, பந்தைக் களவாடும் காட்சிகளை. வந்தது இரண்டு. ஒன்று ஃபோர்த்தலேசா, இன்னொன்று ரிக்கெல்மே.

ஃபோர்த்தலேசாவை ஒரு முறை பார்த்தான். "ஆஃப்சைடுதானே மாமா?" என்றான். கொலம்பியாவில் பிறக்காதவனுக்கு அவ்வளவு எளிது. ரிக்கெல்மேயை ஐந்தாறு முறை ஓடவிட்டான். பிறகு போனை என் கையில் கொடுத்துவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டான்.

கொஞ்ச நேரம் பந்து சுவரில் இடிக்கும் சத்தம். மேலே போய்ப் பார்த்தேன். பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைத் தனக்குப் பின்னால் நிறுத்தி, முதுகைக் காட்டிக்கொண்டு, பந்தின் மேல் காலை வைத்து அதன் கால்களுக்கு நடுவே பின்னால் உருட்டிக்கொண்டிருந்தான். பாதி தடவை நாற்காலியின் காலில் பட்டுத் திரும்பியது. ஸ்டாப்பர் ஆடுகிற பையன், ரிக்கெல்மே ஆகப் பார்க்கிறான்.

என்னைக் கண்டதும் நாற்காலியை ஓரமாகத் தள்ளினான்.

"மாமா, கொஞ்சம் இங்கே வந்து நில்லுங்களேன்."

நின்றேன்.

"அப்படி இல்லை. ஓடி வந்து நெருக்குங்கள். காலைக் கொஞ்சம் அகட்டி."